ஐம்பது பேர், ஏழு நாள், ஓர் ஊருணி: நாட்டு நலப்பணித் திட்ட முகாம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமை நடத்தும் பொறுப்பு கைக்கு வந்ததும் திட்ட அலுவலர் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஐம்பது பிள்ளைகளுக்கு ஏழு நாளைக்கு என்ன வேலை கொடுப்பது?" என்பதுதான். 2018 பிப்ரவரியில் நானும் அதையே கேட்டேன். அந்தக் கேள்வியை வைத்துத் திட்டமிட்ட முகாம் ஊருக்கு என்ன செய்தது, அதே ஊரில் 2019 செப்டம்பரில் "ஊருணிக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை?" என்று கேட்டுத் திட்டமிட்ட முகாம் என்ன செய்தது என்பதை அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தப் பதிவு. ஊரின் பெயரும் கல்லூரியின் பெயரும் இங்கே தேவையில்லை. சிவகங்கை மாவட்டத்தின் கிழக்கில், ராமநாதபுரம் மாவட்ட எல்லையை ஒட்டிய மானாவாரி ஊர் என்பது போதும்.

திட்டத்தின் கட்டமைப்பை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கி வைத்தது இத்திட்டம். கல்லூரி அலகு ஒன்றில் 100 தொண்டர்கள் இருப்பார்கள்; ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும்; அலகில் பாதிப் பேர் தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் தங்கிப் பணிபுரிவதே சிறப்பு முகாம். ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரு தொண்டருக்கு 450 ரூபாய் என்பது நெடுங்காலம் இருந்த அளவு. ஐம்பது பேருக்கு 22,500 ரூபாய். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 64 ரூபாய் சொச்சத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், பந்தல், ஒலிபெருக்கி, பதாகை எல்லாம் அடங்க வேண்டியிருந்தது. அந்தப் பணமும் முகாம் முடிந்து சில மாதம் கழித்தே வரும் என்பதால், முதலில் கையிலிருந்து போடுபவர் திட்ட அலுவலர்தான்.

முதல் முகாம்

ஊருணியின் கரை நெடுகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மரங்களை அகற்ற உத்தரவிட்டதிலிருந்து தென் மாவட்டங்களில் அந்தப் பேச்சே எங்கும் இருந்தது. ஆகவே வேலை தானாகவே கண்ணில் பட்டது: கருவேலத்தை வெட்டுவது, கரையில் மரக்கன்று நடுவது, மாலையில் விழிப்புணர்வுப் பேரணி. திட்டமிடல் என்று நான் செய்தது ஒரே ஒரு பிற்பகல் பயணமும், ஊராட்சி செயலரிடம் ஒரு கடிதமும். அரிவாளும் மண்வெட்டியும் ஊரில் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தவை ஒன்பது அரிவாள், பன்னிரண்டு மண்வெட்டி. ஐம்பது பேரில் இருபத்தொரு பேர் கையில் கருவி, மற்றவர் கையில் கைப்பேசி. வேலை செய்ய மனமில்லாத பிள்ளைகள் என்று அன்று மாலை நான் கடிந்துகொண்டது இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பதே உண்மை.

இரண்டாம் நாள் ரப்பர் செருப்போடு வந்த ஒரு மாணவனின் குதிகாலில் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்தது. செருப்பைக் கழற்ற முடியவில்லை; முள் செருப்பையும் காலையும் சேர்த்துத் தைத்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வாகனம் ஏற்பாடு செய்திருக்கவில்லை. தேநீர்க் கடைக்காரரின் இரு சக்கர வண்டியில் அழைத்துப் போனோம். மருத்துவர் முள்ளை எடுத்து, தடுப்பூசி போட்டுவிட்டு, "மத்த பசங்கள்லாம் என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

அதே நாளில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். நாங்கள் தங்கியிருந்த சமுதாயக் கூடத்தில் தண்ணீர் வராத ஒரே கழிப்பறை. மாணவியர் காலையிலிருந்து வாய் நனைப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவள் விழுந்த பிறகுதான் தெரிந்தது. முகாம் அறிக்கையில் 'அடிப்படை வசதிகள்' என்று ஒரு வரியில் கடந்து போகும் இடம் இதுதான்.

இவற்றை விட ஆழமாகத் தைத்தது வேறொன்று. மூன்றாம் நாள் காலை, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் கரையில் வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர், "சார், பிள்ளைக வெயில்ல கஷ்டப்படுறாக, நல்லதுதான். ஆனா இத நீங்க செஞ்சு முடிச்சிட்டா எங்களுக்கு இங்கன வேலை போடமாட்டாகளே" என்றார். அப்போது அத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்திருந்த நாள் கூலி 205 ரூபாய். சேவை என்று நாங்கள் இலவசமாகச் செய்த வேலை இன்னொருவர் கூலியாக இருக்கக்கூடும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. மாணவர்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அன்று முற்பகல் வேலை வேகம் பிடிக்கவேயில்லை.

ஏழாம் நாள் சான்றிதழும் படமும் ஆயின. ஜூன் மாதம் தனியாகப் போய்ப் பார்த்தேன். தரை மட்டத்தில் வெட்டிய கருவேலம் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் நான்கைந்து கிளையாகத் துளிர்த்து இடுப்பளவு நின்றது. வேரைத் தோண்டி எடுக்காமல் வெட்டினால் அது அப்படித்தான் வரும். கரிமூட்டம் போடுகிறவர்கள் அதை நம்பித்தானே வெட்டுகிறார்கள். நட்ட நூறு வேம்பு, புங்கக் கன்றுகளில் ஒன்பது மிஞ்சியிருந்தன. நான்கு பள்ளிக் குழாயடியில், ஐந்து தேநீர்க் கடைக்கு எதிரே. கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை அவற்றுக்கு ஊற்றியிருக்கிறார்.

கேள்வி மாறிய இடம்

அன்று கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், முன்பு கண்மாயில் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்தவர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கருவேலம் மறுபடி தழைத்ததைச் சொல்லி வருத்தப்பட்டேன். "அது கிடக்கட்டும் வாத்தியாரய்யா. மரத்த வெட்டுனா தண்ணி வந்துருமா? வரத்துக்கால்ல தண்ணி ஏறி எட்டு வருசமாச்சு. அதப் பாத்தீகளா?" என்றார். பார்த்திருக்கவில்லை. ஊருணி என்பது மழைநீரை வரத்துக்கால் வழியாக வாங்கித் தேக்கிக்கொள்ளும் குடிநீர்க் குளம். வரத்துக்கால் இல்லையென்றால் அது படித்துறை கட்டிய பள்ளம். ஏழு நாள் அதன் கரையிலேயே கிடந்தும், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிந்திய ஓராண்டில் நடந்ததே இந்த ஆய்வின் முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். மண்வெட்டி எடுத்ததெல்லாம் அதற்கப்புறம்தான். மாதாந்திரப் பணி நேரத்தில் ஐந்தாறு மாணவர்களாக அழைத்துக்கொண்டு வரத்துக்காலை நடந்து அளந்தோம். 720 அடி நீளம், சராசரி 4 அடி அகலம், சேர்ந்திருந்த மண் ஒன்றேகால் அடி. மொத்தம் 3,600 கன அடி. லாரிக் கணக்கில் 36 யூனிட். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இருபது அடிக்கு ஒரு முளையடித்து மட்டம் எடுத்தார்கள். இரண்டாம் ஆண்டுக் கணித மாணவி ஒருத்திதான் எண்களைக் கோடிட்டுப் பார்த்துவிட்டு, சாலைக்கு அடியில் போகும் சிறுபாலத்தின் குழாய் கால்வாயின் தரையை விட அரை அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறதென்று சொன்னாள். சாலையை மறுபடி போட்டபோது குழாயையும் உயர்த்தி வைத்துவிட்டார்கள். ஆகவே கால்வாய் முழுவதையும் ஐம்பது பேர் சேர்ந்து பளிங்கு போலத் தூர் வாரினாலும், பெருமழைக்குத் தவிர ஊருணிக்குச் சொட்டு நீர் வந்திருக்காது.

சிறுபாலம் மாணவர் கையால் ஆகிற வேலை இல்லை. அது ஊராட்சி ஒன்றியத்தின் சாலை. 2016 இறுதியிலிருந்து ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லாமல் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்த காலம் அது. ஊரில் கையெழுத்துப் போட ஆளில்லை, எல்லாவற்றுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகம் போக வேண்டும். மட்டக் கணக்கையும் வரைபடத்தையும் இணைத்து மனுக் கொடுத்தோம். குழாயை இறக்கிப் பதிக்க ஐந்து மாதம் ஆயிற்று, வேலை நடந்தது ஒன்றரை நாள். அந்த வேலை முடிந்தால் மட்டுமே முகாம், இல்லையென்றால் ஊரை மாற்றுவது என்று முடிவெடுத்திருந்தேன். முகாம் தேதியைக் குறித்துவிட்டு அனுமதிகளைத் துரத்துவது தவறு என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

கால்வாய் ஓரிடத்தில் பட்டா நிலத்தை உரசிப் போனது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கி, நிலத்துக்காரரை உடன் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைப் பார்த்த பிறகே அந்த இடத்தைத் திட்டத்தில் சேர்த்தோம். ஆக்கிரமிப்புத் தகராறில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை மண்வெட்டியோடு நிறுத்தக் கூடாது.

யாரைக் கேட்பது

முதல் முகாமின் ஊர்க் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. நல்ல கூட்டம் என்றே அறிக்கையில் எழுதினேன். காலனித் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதையும், வழிகாட்ட வந்த இளைஞர்கள் பேரணியை அந்தத் தெருப் பக்கம் திருப்பவேயில்லை என்பதையும் அப்போது நான் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் பேசாமல் இருந்துவிட்டேன். வரத்துக்காலோ அந்தத் தெருவின் முதுகை ஒட்டித்தான் ஓடுகிறது. மழை பெய்தால் முதலில் நீர் தேங்குவது அவர்கள் வாசலில். இரண்டாம் முறை கூட்டத்தைத் தொடக்கப் பள்ளித் திடலில் வைத்தோம், பொது இடம் என்பதால். இரண்டு தெருக்காரர்களும் வந்தார்கள், தள்ளித்தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக்கு ஊரில் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை, முகாம் அடுப்பில் மட்டுமே என்ற விதியையும் அன்றே அறிவித்தோம். விருந்தோம்பலை மறுப்பது போலத் தோன்றினாலும், யார் வீட்டில் சாப்பிட்டார்கள், யார் வீட்டில் சாப்பிடவில்லை என்ற பேச்சு எழாமல் காப்பது அந்த ஒரு விதிதான்.

நூறு நாள் வேலைப் பெண்களிடம் பணித்தளப் பொறுப்பாளர் வழியாகப் பேசினோம். ஒப்பந்தம் எளிது: சிறுபாலத்தை ஒட்டிய 120 அடியில் களிமண்ணும் கண்ணாடிச் சில்லும் கலந்து கெட்டித்துப்போயிருந்தது, அதை அவர்களுக்கு விட்டுவிடுவது, மீதி 600 அடி மட்டும் எங்களுடையது. அவர்கள் பகுதியை அளவெடுத்து வேலைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஊராட்சி செயலரிடம் எழுதிக் கொடுத்தோம்.

இயந்திரத்தை விட்டு மாணவரை ஏன் இறக்க வேண்டும் என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி, 3,000 கன அடி மண்ணை மண்வாரி இயந்திரம் அரை நாளில் அள்ளிவிடும். வரப்புகளுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் போகும் கால்வாய்க்குள் அது நுழையாது என்பதே பதில். நுழையும் இடமென்றால் மாணவரை இறக்கியிருக்க மாட்டேன். கருவேலக் கட்டைகளை வேரோடு தோண்டி எடுக்க, ஊரார் வரி போட்டு இயந்திரத்தைத் தனியாக வைத்துக்கொண்டார்கள்.

ஆள் கணக்கும் நாள் கணக்கும்

பழக்கமில்லாத கல்லூரிப் பிள்ளை காலை ஆறரை முதல் பத்து மணி வரை வெட்டிச் சுமந்தால் 15 கன அடி தேறும் என்பது, மாதாந்திரப் பணியின்போது நாங்கள் ஒரு நாள் வேலை செய்து பார்த்து எடுத்த அளவு. ஏழு நாளில் முதல் நாளும் கடைசி நாளும் வேலைக்கு உதவா. ஐம்பதில் ஆறு பேர் சமையல், தண்ணீர், முதலுதவி என்று சுழற்சியில் நிற்பார்கள். மிஞ்சும் 44 பேர் ஐந்து நாளில் 3,300 கன அடி. அதனால்தான் 600 அடி. அதற்கு மேல் ஒப்புக்கொண்டிருந்தால், ஆறாம் நாள் மாலை அவசரத்தில் மண்ணை அள்ளிக் கரை மீதே குவித்துவிட்டு வந்திருப்போம். முதல் மழைக்கு அது திரும்ப உள்ளே வந்திருக்கும்.

பதினொருவராக நான்கு குழு. குழுவுக்கு நான்கு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, சுமக்கும் ஆறு பேருக்கும் சட்டி. அரை மணிக்கு ஒருமுறை வெட்டுகிறவர் சுமக்க, சுமக்கிறவர் வெட்ட வேண்டும். கருவிகளில் பாதியைப் பக்கத்து ஊர்க் கட்டட ஒப்பந்தக்காரரிடம் வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் எவரையும் மண்வெட்டி பிடிக்க விடவில்லை. உள்ளங்கைக் கொப்புளம் இரண்டாம் நாள்தான் உடையும், அன்று பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள் என்பது முதல் முகாம் கற்றுத் தந்தது. மூடிய காலணி இல்லாதவர் கால்வாயில் இறங்கக் கூடாது என்பது விதி. ஒன்பது பேரிடம் இல்லை, முன்னாள் மாணவர்களிடம் பணம் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். கல் குவியலைக் கையால் புரட்டக் கூடாது, முதலில் கடப்பாரையால் நெம்ப வேண்டும் என்பது விரியன் பாம்புக்காகச் சொன்னது. ஒன்று இருக்கவும் இருந்தது.

மாதம் பற்றி ஒரு சொல். கல்லூரி அட்டவணைக்கு வசதியான மாதம் பிப்ரவரி; மண்ணுக்கோ அது மிக மோசமான மாதம். அப்போது நட்ட கன்றுக்கு அடுத்து வருவது கோடை. அப்போது வாரிய கால்வாய், மழை வருவதற்குள் எட்டு மாதம் தூர்ந்துபோகும். செப்டம்பர் இறுதி என்றால் மூன்று வாரத்தில் வடகிழக்குப் பருவமழை, பனம்பழம் விழும் காலம், பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை என்பதால் தங்க இடமும் கிடைக்கும். கல்லூரியில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, உள் தேர்வு நெருங்குகிறதென்று. ஏழு நாள் வகுப்பை எப்படி ஈடுசெய்வது என்று துறைவாரியாக எழுதிக் கொடுத்த பிறகே அனுமதி வந்தது. மாணவியருக்குப் பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியும் இரு பெண் பேராசிரியர்களும்; கழிப்பறைக்கு மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, தினமும் அதை நிரப்பும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒப்படைத்தோம்.

நடந்தது

கணக்குப் போட்ட 600 அடியில் 560 அடி முடிந்தது. நான்காம் நாள் இரவு பெய்த மழையில் ஐந்தாம் நாள் காலை வேலை கெட்டது. ஆனால் அந்த மழையே, நாங்கள் வெட்டிய அளவுக்குக் கால்வாயில் நீர் ஓடியதை மாணவர்களுக்குக் காட்டியது. காலையில் எழுந்து பல் கூடத் துலக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மிச்ச 40 அடியை என்ன செய்வதென்று ஆறாம் நாள் மாலை விவாதம். இரவு விளக்கு கட்டி முடித்துவிடலாம் என்று சிலர் துடித்தார்கள். வேண்டாமென்று சொன்னவன் நான். களைத்த கையில் கடப்பாரை இருட்டில் ஆபத்து. இன்றும் சிலருக்கு என் மேல் அந்தக் குறை உண்டு.

பனை நடவு பாதிதான் வெற்றி. வெளிக்கரையில் பத்தடிக்கு ஒன்றாக 200 விதைகள் ஊன்றினோம். நீரூற்றத் தேவையில்லை, ஆடு கடிக்காது என்றெல்லாம் சரியாக யோசித்திருந்தோம். யோசிக்காமல் விட்டது பனங்கிழங்கை. தை மாதம் ஊர்ச் சிறுவர்கள் வரிசை பார்த்துத் தோண்டி, கரையின் பாதிக்குக் கிழங்கு பிடுங்கி அவித்துத் தின்றுவிட்டார்கள். பத்தடி அளவெடுத்து நட்டது அவர்களுக்குத்தான் வசதியாக இருந்தது. மறுநடவின்போது கிழங்குக்கென்றே பள்ளி ஓரத்தில் மண்ணைக் கூட்டி ஒரு பாத்தி போட்டு, அதைச் சிறுவர் பொறுப்பிலேயே விட்டோம்.

2020 ஜனவரியில் ஊருணியின் பதினான்கு படிகளில் ஒன்பது நீருக்குள் இருந்தன; முந்தைய ஜனவரியில் இரண்டு. இதில் கால்வாயின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஏனெனில் 2018-ஐ விட 2019-இல் மழையே கூடுதல். சிறுபாலக் குழாய் இறங்கியிராவிட்டால் இந்த நீர் வந்திராது என்பது பெரியவரின் தீர்ப்பு. அதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று கால்வாயோரம் நடந்தபோது, 2018-இல் கரையில் வந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர்களுடைய 120 அடி சுத்தமாக இருந்தது. எங்கள் 40 அடியும்தான். "நீங்க விட்டுட்டுப் போனதையும் சேத்து அளவு போடச் சொல்லிட்டோம் சார். ரெண்டு நாள் கூட வந்துச்சு" என்றார். பிறகு, அடுத்த வருசம் பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று கேட்டார். முன்னதாகத் தெரிந்தால், எந்த இடத்தை எங்களுக்கு விடுவது என்று அவர்களும் பேசி வைத்துக்கொள்ளலாம் என்றார்.